மடி வாட்டர்ஸ் ஆம்ப் வாங்கின கதை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எலெக்ட்ரிக் கிடார் பத்தி யாரோ கேட்டதுக்கு பதில் சொல்றப்போ, "ராக் கிடார் வாசிக்கிற எல்லாருமே மடி வாட்டர்ஸுக்கு கடன்பட்டவங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் பை நெறைய கடிதம். அதனால இந்த தடவை முழுக்க அவரே.

யாரு சார் இந்த மடி வாட்டர்ஸ்? கிடார் கத்துக்கிற என் பையனுக்கே தெரியல. (திண்டுக்கல்)

பையனைக் குறை சொல்லாதீங்க, கிடார் கிளாஸ்ல அவரு வாசிச்சதை சொல்லித்தருவாங்க, அவரு பேரைச் சொல்லமாட்டாங்க. அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல பருத்திக்காட்டுல வேலை பாத்த கறுப்பின ஆளு. நெசப் பேரு மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். சின்ன வயசுலயே அம்மா தவறிட்டாங்க, டெல்லா கிராண்ட்னு பாட்டிதான் வளத்தாங்க, பய எப்பப் பாத்தாலும் ஓடைப் பக்கம் சேத்துல கெடந்து பொரளுறான்னு பாட்டி வச்ச பட்டப்பேரு 'மடி' (இங்கிலீஷ்ல சேறானதுன்னு அர்த்தம்), பின்னால 'வாட்டர்ஸ்' ஒட்டிக்கிச்சு.

30 வயசு வரைக்கும் பண்ணையில டிராக்டர் ஓட்டினாரு. அப்புறம் சிகாகோவுக்கு ரயிலேறி, தெற்குல கறுப்பின மக்கள் பாடிக்கிட்டு இருந்த ப்ளூஸ்ங்கிற கிராமத்துப் பாட்டைக் கொண்டுபோயி கரண்ட்ல சொருகி, கூட நாலு பேரை சேத்துக்கிட்டு வாசிச்சாரு. கிடார், பேஸ், டிரம்ஸ், முன்னாடி ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு பாடுறதுன்னு இன்னைக்கு பேண்டுன்னாலே ஒரு படம் மனசுல வருதில்ல, அது கெட்டிப்பட்டதுல அவரு குழுவுக்கு பெரிய பங்கு உண்டு. 1983 ஏப்ரல் 30 அன்னைக்கு தூக்கத்துலயே போயிட்டாரு.

அவர் பிறந்தது 1913-ன்னும் இருக்கு, 1915-ன்னும் இருக்கு. எது சரி? (நாகர்கோவில்)

அவரே பேட்டில சொன்னது 1915, ரோலிங் ஃபோர்க்ங்கிற ஊரு. கல்லறையிலயும் 1915-தான் செதுக்கியிருக்கு. ஆனா பாட்டுத்தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய காகிதங்கள்ல 1913-ன்னு வருது, ஊரும் பக்கத்து இசக்வீனா கவுண்ட்டி. ஆராய்ச்சி பண்ணவங்க பெரும்பாலும் 1913 பக்கம்தான், நானும் அந்தப் பக்கம். மேடை ஏறுறவங்க வயசுல ரெண்டைக் குறைச்சுக்கிறது உலக வழக்கம், விடுங்க.

பருத்திக்காட்டுல இருந்த ஒருத்தரை அமெரிக்க அரசாங்கமே தேடி வந்து பதிவு பண்ணுச்சுன்னு படிச்சேன். நம்பலாமா? (தஞ்சாவூர்)

நம்பலாம், ஆனா அவரைத் தேடி வரல, அதான் இதுல ருசியே.

கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்துல ஸ்டோவால்னு ஒரு பெரிய பண்ணை. அங்க இருந்த கறுப்பினக் குடும்பங்க எல்லாம் விளைச்சல்ல பங்குக்கு உழுறவங்க, நிலம் பண்ணையாருது, வெதை, உரம், மளிகை எல்லாம் பண்ணைக் கடையில கடன், வருச முடிவுல கணக்குப் பாத்தா கையில எதுவும் நிக்காது, பல வருசம் திருப்பி கடன்தான் நிக்கும். இவரு அதோட டிராக்டரும் ஓட்டுவாரு, பொறி வச்சு முயல் பிடிப்பாரு, சனிக்கிழமை ராத்திரி தன் வீட்டையே கூத்துக்கொட்டாய் ஆக்கி, சூதாட்டம், வறுத்த மீனு, காய்ச்சுன சரக்கு, நடுவுல இவரு கிடார். மொதல் கிடார் வாங்கின கதையை அவரே சொல்லியிருக்காரு: வீட்ல இருந்த கடைசி குதிரையை 15 டாலருக்கு வித்து, பாதியை பாட்டிகிட்ட குடுத்துட்டு, மீதியில ரெண்டரை டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிடார். வயசு 17 இருக்கும். அதுக்கு முன்னாடி மவுத் ஆர்கன்தான். கிடார்ல அவருக்கு ஆதர்சம் சன் ஹவுஸ்னு ஒரு ப்ளூஸ்காரர், அந்த ஆளு வாசிக்கிற எடத்துக்கெல்லாம் போயி விரலையே பாத்துக்கிட்டு நிப்பாராம்.

1941 ஆகஸ்ட்ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துல வேலை பாத்த ஜான் வொர்க்னு ஒரு கறுப்பினப் பேராசிரியரும் ரெக்கார்டிங் மெஷினை கார்ல ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்தாங்க. ராபர்ட் ஜான்சன்ங்கிற ப்ளூஸ்காரர் பாணியில வாசிக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிச்சப்போ (ஜான்சன் 1938-லயே செத்துட்டாரு) ஊர்க்காரங்க இவரைக் கைகாட்டுனாங்க. ஒரு வெள்ளைக்காரன் நம்மள பேரு சொல்லித் தேடுறான்னதும் இவருக்கு வயித்தக் கலக்கிருச்சு, மிசிசிப்பியில 1966 வரைக்கும் மதுவிலக்கு, இவரு வித்தது காய்ச்சுன சரக்கு, சரி நம்மளப் பிடிக்கத்தான் வந்துட்டான்னு நெனச்சுட்டாரு. அப்புறம் லோமாக்ஸ் தண்ணி கேட்டு, இவரு குடிச்ச அதே கப்புல வாங்கிக் குடிச்சாராம். அந்த ஊருல ஒரு வெள்ளைக்காரன் அப்படிச் செய்றது நடக்காத காரியம்.

வீட்டுக்குள்ளயே பதிவு நடந்துச்சு. முடிஞ்சதும் போட்டுக் காட்டுனாங்க, தன் குரலை மெஷின் வழியா கேட்டது அன்னைக்குத்தான். பின்னால தபால்ல ரெண்டு ரெக்கார்டும் 20 டாலர் செக்கும் வந்துச்சு. ரெக்கார்டைக் கொண்டுபோயி முக்குக் கடையில காசு போட்டா பாட்டு போடுற ஜூக்பாக்ஸ் மெஷின்ல போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, "என்னால முடியும், என்னால முடியும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். நூலகத்துக்காரங்களுக்கு அது அழியப்போற நாட்டுப்புறக் கலை, பத்திரப்படுத்தணும். அவருக்கு அது ஜூக்பாக்ஸ்ல போடவேண்டிய சரக்கு. கடைசி வரைக்கும் அவரைச் சுத்தி வந்தவங்களுக்கும் அவருக்கும் இருந்த இழுபறி இதுதான்.

இன்னொண்ணு, ஜான் வொர்க் பேரு ரொம்ப காலத்துக்கு வெளிய வரவே இல்ல, பேரெல்லாம் லோமாக்ஸுக்கே போயிருச்சு. வொர்க்கும் அவரு கூட்டாளிகளும் எழுதி வச்சது எங்கயோ கெடந்து 2005-லதான் புத்தகமா வந்துச்சு.

கிராமத்துல நல்லா போய்க்கிட்டு இருந்தவர் ஏன் சிகாகோ போனார்? அங்க போய் ஏன் எலெக்ட்ரிக்குக்கு மாறினார்? அந்தப் பழைய மண்வாசனை போச்சேன்னு வருத்தமா இருக்கு. (காரைக்குடி)

நல்லா போய்க்கிட்டு இருந்துச்சுன்னு யாரு சொன்னா? டிராக்டர் ஓட்ட மணிக்கு இருபத்திரெண்டரை செண்ட் கூலி. 25 செண்ட் குடுங்கன்னு கங்காணிகிட்ட கேட்டாரு, அந்தாளு மொறச்சுட்டான். 1943 மே மாசம், கேட்ட கொஞ்ச நாள்லயே பையில நாலு துணியையும் கிடாரையும் எடுத்துக்கிட்டு ரயிலேறிட்டாரு. ரெண்டரை செண்ட் சார்! அதைக் குடுத்திருந்தா இந்தக் கேள்வி பதில் பகுதியே வேற யாரையாவது பத்தி இருந்திருக்கும்.

அவரு மட்டும் போகல. 1910-லேர்ந்து 1970 வரைக்கும் தெற்கு மாநிலங்கள்லேர்ந்து கிட்டத்தட்ட 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கயும் மேற்கயும் கெளம்பிட்டாங்க. அடி, அவமானம், கூலி, எல்லாம் காரணம். இவரு கெளம்பின மறு வருசம், 1944 அக்டோபர்ல, அதே கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்துல ஹாப்சன் பண்ணையில பருத்தி எடுக்குற மெஷினை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டுனாங்க. அங்கயே இருந்திருந்தாலும் அந்த வாழ்க்கை அவருக்காகக் காத்திருந்திருக்காது.

சிகாகோவுல பகல்ல காகித அட்டைப்பெட்டி பண்ற ஃபேக்டரியில வேலை, அப்புறம் ஜன்னல் திரை டெலிவரி பண்ற வண்டி ஓட்டினாரு. ராத்திரி வீட்டு விருந்துலயும் சாராயக்கடையிலயும் வாசிப்பு. அங்க ஏற்கெனவே பேரு வாங்கியிருந்த பிக் பில் புரூன்ஸி கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி நாலு எடத்துல அறிமுகம் பண்ணி விட்டாரு. ஆனா கடையில என்ன நடக்குது? ஷிஃப்ட் முடிச்சுட்டு சம்பளத்தோட வந்தவங்க சத்தம் போட்டுப் பேசுறாங்க, பாட்டில் உருளுது, வெளிய டிராம் போகுது. கரண்ட் இல்லாத அக்கூஸ்டிக் கிடாரை உயிரைக் குடுத்து வாசிச்சாலும் மொத டேபிளைத் தாண்டாது. கடைக்குள்ள போனதும் மொத வேலையா எனக்கு ஆம்ப் (சத்தத்தைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபயர்) வேணும்னு தோணுச்சு, இல்லன்னா ஒருத்தருக்கும் கேக்காதுன்னு அவரே சொல்லியிருக்காரு. மாமா ஒருத்தரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கிக் குடுத்தாரு. அவ்ளோதான் புரட்சி.

அந்த ஆம்ப் வந்ததும் பழைய வாசிப்பு அப்படியே பெருசாக் கேக்கல, வேறயாவே ஆயிருச்சு. ஸ்லைடு (விரல்ல மாட்டிக் கம்பி மேல வழுக்குற குழாய்) வச்சு ஒரு ஸ்வரத்தை இழுத்தா அது நிக்குது, கொஞ்சம் சவுண்ட் ஏத்தினா ஓரத்துல கரகரன்னு கிழியுது, அந்த கரகரப்பை மறைக்காம பாட்டுல சேத்துக்கிட்டாரு. லிட்டில் வால்ட்டர்னு ஒரு பொடியன், மவுத் ஆர்கனையும் மைக்கையும் ரெண்டு கைக்குள்ள சேத்துப் பொத்தி ஆம்ப்ல விட்டான், அது சாக்ஸஃபோன் மாதிரி அலறுச்சு. ரெண்டாவது கிடாருக்கு ஜிம்மி ரோஜர்ஸ், கொஞ்ச காலம் கழிச்சு பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பான். இவங்க வாசிப்பு இல்லாத ராத்திரி கடை கடையா போயி, அங்க மேடையில இருக்கிற பேண்டை வாசிச்சே ஓரங்கட்டுவாங்க, அதுக்குன்னே 'தலைவெட்டிக் கூட்டம்'னு பேரு. மண்வாசனை போகல சார், அதுக்கு வால்யூம் வச்சாங்க.

நானும் கேட்டுப் பாத்தேன். எல்லா பாட்டும் ஒரே மாதிரி, மூணே கார்டு, இதுல என்ன பெரிய விசயம்? (கோவை)

கார்டுன்னா சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. மூணுதான்னு குறை சொல்றீங்க, சில பாட்டுல ஒண்ணுதான் இருக்கு! 1955-ல வந்த 'மானிஷ் பாய்' ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே அடி, கார்டு மாறவே மாறாது. 1950-ல வந்த 'ரோலின் ஸ்டோன்' அதுக்கும் மேல, ஒரு ஆளு, ஒரு கிடார், டிரம்ஸ் கெடையாது.

கார்டு எண்ணிக்கிட்டு இருந்தா இவரு பிடிபடமாட்டாரு. எடுத்த எடுப்புல அவரு குரல் எங்க வந்து விழுதுன்னு கவனிங்க. தாளத்து மேல விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். பேண்டு அடிச்சு முடிச்சு ஒரு கணம் காத்துக்கிட்டு இருக்கும், சரி மறந்துட்டாரு போலன்னு நமக்கே பதறும், அப்ப வந்து ஒரு வார்த்தையைப் போடுவாரு. தாளத்துக்குப் பின்னால நின்னு பாடுறவன் நான், என்கூட வாசிக்கிறவங்கதான் காத்திருக்கணும்னு அவரே சொல்லுவாரு. பெரிய பெரிய கிடார்காரங்க எல்லாம் அவரு வாசிப்பை அச்சு அசலா எடுத்துட்டாங்க, இந்தக் காத்திருப்பு மட்டும் யாருக்கும் சரியா வரல, அவசரப்பட்டுர்றாங்க. என்னைக் கேட்டா அவரோட பெரிய வாத்தியம் இதுதான், கிடார் ரெண்டாவது.

'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டுல இதையே பேண்டு மொத்தமும் பண்ணும். எல்லாரும் சேந்து அஞ்சு ஸ்வரம் அடிச்சுட்டு நிறுத்திருவாங்க, வெட்ட வெளியில இவரு குரல் மட்டும், மறுபடி அடி, மறுபடி நிறுத்தம். எழுதுனது வில்லி டிக்சன். ஜான்சிபார்னு ஒரு கிளப்புல இடைவேளையில பாத்ரூம்ல வச்சு இவருக்கு சொல்லிக் குடுத்து, இவரு வெளிய வந்து அன்னைக்கு ராத்திரியே பாடிட்டாருன்னு டிக்சன் சொல்வாரு. 1954 ஜனவரில பதிவாச்சு. அந்த 'நிறுத்தி அடிக்கிற' வித்தையை அதுக்கப்புறம் எத்தனை பேரு எடுத்துக்கிட்டாங்கன்னு கணக்கே இல்ல.

இதையெல்லாம் கேட்டும் பிடிக்கலன்னா பரவால்ல சார், எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கணும்னு சட்டமா.

அவர் பாட்டெல்லாம் ஆம்பளத் திமிரா இருக்கே? பொம்பளைங்க எல்லாம் என் பின்னால வருவாங்கன்னு. நிஜத்துலயும் அப்படித்தானா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

நேரா கேட்டுட்டீங்கம்மா, நேராவே சொல்றேன். நிஜத்துலயும் அப்படித்தான். வீட்ல மனைவி ஜெனிவா இருக்க, வெளிய பல உறவு, அதுல குழந்தைங்களும். 1973-ல ஜெனிவா கேன்சர்ல போன பிறகுதான் அந்தப் பிள்ளைங்கள்ல சிலரைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டு வந்து வளத்தாரு. நல்ல அப்பான்னு சொல்றதுக்கு அது கொஞ்சம் லேட்டு.

பாட்டுல இருக்கிற திமிருக்கு மட்டும் இன்னொரு பக்கம் உண்டு. நரைச்ச தலைக்காரனா இருந்தாலும் கறுப்பினத்தவன்னா வெள்ளைக்காரச் சின்னப் பையன்கூட 'ஏய் பையா'ன்னு கூப்பிடுற ஊர்ல வளந்த ஒருத்தரு, மேடையில நின்னு "நான் ஆம்பள"ன்னு எழுத்துக் கூட்டிப் பாடுறாரு. கீழ நிக்கிறவங்க எல்லாம் அதே ஊர்லேர்ந்து ரயிலேறி வந்தவங்க, பொம்பளைங்களும்தான். அவங்க ஏன் கூரை பிய்யுற மாதிரி கத்துனாங்கன்னு அப்பப் புரியும். அதுக்காக ஜெனிவா பட்டது இல்லன்னு ஆயிராது.

'மோஜோ', 'கறுப்புப் பூனை எலும்பு' எல்லாம் பாட்டுல வருதே, மாந்திரீகமா? இவர்தானே நாற்சந்தியில பேய்க்கிட்ட ஆத்மாவை வித்தவர்? (விருதுநகர்)

பேய்க் கதை ராபர்ட் ஜான்சன் பேர்ல சொல்றது, இவரு ரெண்டரை செண்டுக்கு பேரம் பேசுனவரு. மோஜோன்னா சின்னத் துணிப்பையில வேரு, எலும்பு எல்லாம் வச்சுக் கட்டி உடம்போட வச்சுக்கிற தாயத்து, தெற்குல கறுப்பின மக்கள்கிட்ட இருந்த ஹூடூங்கிற வழக்கம். டிக்சன் அதையெல்லாம் சுவாரஸ்யத்துக்காக பாட்டுல வச்சாரு.

ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டுக்கு அவர் பாட்டுதான் பேர் குடுத்துச்சாமே? அவங்க போனப்போ அவர் சுவத்துக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாராமே? (சென்னை, பெரம்பூர்)

மொத பாதி உண்மை. 1961 அக்டோபர்ல டார்ட்ஃபோர்ட் ரயில் ஸ்டேஷன்ல பின்னால அந்த பேண்டுல பாடுன மிக் ஜாகர் கக்கத்துல ராக் அண்ட் ரோல்காரர் சக் பெர்ரி ரெக்கார்டும் மடி வாட்டர்ஸ் ரெக்கார்டும் இருந்ததைப் பாத்துத்தான் அதே பேண்டுல கிடார் வாசிச்ச கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் குடுத்தாரு. மறு வருசம் பத்திரிகை விளம்பரத்துக்கு போன் பண்ணப்போ பேண்டு பேரு என்னன்னு கேட்டாங்களாம், பேண்டுல இன்னொரு ஆளு பிரையன் ஜோன்ஸ் கீழ கெடந்த மடி வாட்டர்ஸ் ரெக்கார்டைப் பாத்து அதுலேர்ந்து ஒரு பாட்டுப் பேரை எடுத்து விட்டாருன்னு சொல்வாங்க.

பெயின்ட் கதை கீத் சொல்றது. 1964 ஜூன்ல சிகாகோவுல மடி வாட்டர்ஸோட ரெக்கார்டு கம்பெனியான செஸ்ஸோட ஸ்டூடியோவுக்கு இவங்க ரெக்கார்டிங் பண்ணப் போனப்போ ஏணி மேல நின்னு ஒருத்தர் வெள்ளை அடிச்சுக்கிட்டு இருந்தாரு, அவருதான் மடி வாட்டர்ஸ்னு. கம்பெனி முதலாளி மகன் மார்ஷல் செஸ் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு அடிச்சுச் சொல்றாரு. பேண்டுல இருந்த பில் வைமன், எங்க சாமானைத் தூக்கி உள்ள வைக்க ஒத்தாசை பண்ணாருன்னு மட்டும் சொல்றாரு. எனக்கு வைமன் சொல்றதுதான் நம்பிக்கை. இவரு எப்பவும் கோட்டு சூட்டு, படிய வாரின தலை, மடிப்பு கலையாத சட்டைன்னு இருந்த ஆளு, பேண்டுக்காரங்களும் அப்படித்தான் வரணும். ஏழைக் கலைஞன் ஏணியில நிக்கிறான்னு சொன்னா கேக்குறவங்களுக்கு உருக்கமா இருக்கு, அதனால அந்தக் கதை ஓடிக்கிட்டே இருக்கு.

இங்கிலாந்துல முதல் தடவை வாசிச்சப்போ ஜனங்க எழுந்து போயிட்டாங்களா? (மதுரை)

எல்லாரும் போகல, ஆனா பலருக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. 1958 அக்டோபர்ல கிறிஸ் பார்பர்னு ஒரு ஜாஸ்காரர் கூப்பிட்டு இவரும் ஸ்பானும் போனாங்க. அங்க ப்ளூஸுன்னா புரூன்ஸி வந்து அக்கூஸ்டிக் கிடார்ல பாடுனதுதான். இவரு சிகாகோ கடையில வைக்கிற அதே சவுண்டை வச்சாரு. மறுநாள் பேப்பர்ல கிடார் அலறுது, பியானோ ஊளையிடுதுன்னு தலைப்பு. சரி, இவங்களுக்கு அமைதியா வேணும் போலன்னு மனசுல வச்சுக்கிட்டு 1963-ல திரும்பப் போனப்போ அக்கூஸ்டிக் கிடாரைத் தூக்கிட்டுப் போனாரு. அதுக்குள்ள அங்க பசங்க எல்லாம் ஆம்ப் வாங்கிட்டாங்க, எங்கய்யா அந்த எலெக்ட்ரிக் கிடார்னு கேட்டாங்க. மனுசன் என்னதான் பண்ணுவாரு!

அதே கதை 1968-லயும். ராக் ரசிகர்களைப் பிடிக்கணும்னு செஸ் கம்பெனியே 'எலெக்ட்ரிக் மட்'னு ஒரு ஆல்பத்துல இவரை வா-வா பெடல் (கிடார் சத்தத்தை 'வா வா'ன்னு அழ வைக்கிற கால்மிதி) சத்தத்துக்கு நடுவுல நிறுத்துச்சு, விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, இவருக்கும் அது பிடிக்கல. இவரை ஒரு பக்கம் பட்டிக்காட்டானாவே வச்சுப் பாக்கணும்னு ஒரு கூட்டம், இன்னொரு பக்கம் இன்னைய ஃபேஷனுக்கு மாத்தணும்னு ஒரு கூட்டம்.

செஸ் கம்பெனி அவரை ஏமாத்திருச்சா? லெட் ஜெப்லின்கூட அவர் பாட்டைத் திருடினாங்கன்னு சொல்றாங்களே. (புதுச்சேரி)

இது கொஞ்சம் சிக்கலான கணக்கு. போலந்துலேர்ந்து வந்த யூதக் குடும்பத்து அண்ணன் தம்பி லெனர்ட் செஸ், ஃபில் செஸ். 1948-ல 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பதிவு பண்ணப்போ லெனர்டுக்கு ஒண்ணும் புரியல, என்னதான் பாடுறான் இவன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம், கூட்டாளி ஈவ்லின் ஆரன்தான் வெளியிட்டே ஆகணும்னு நின்னாங்க. மொத ஈடு கண் மூடித் திறக்கறதுக்குள்ள வித்துப்போச்சு. 79 செண்ட் ரெக்கார்டு மேக்ஸ்வெல் தெருவுல 1 டாலர் 10 செண்ட், அதுவும் ஆளுக்கு ஒண்ணுதான், பாடுனவரே போயி கேட்டும் கூடக் குடுக்கலையாம்! அதுக்கப்புறம் லெனர்டுக்கு ப்ளூஸ் நல்லாவே புரிஞ்சிருச்சு, 1951-ல ஒரு பாட்டுக்கு டிரம்மர் வாசிப்பு பிடிக்கலன்னு தானே உக்காந்து பேஸ் டிரம் அடிச்சிருக்காரு.

ரெண்டு பேருக்கும் பாசம் உண்டு, கார் வாங்கிக் குடுத்தாங்க, கேட்டப்போ காசு குடுத்தாங்க. ஆனா பாசத்துல வர்ற காசு வேற, ராயல்டி கணக்கு வேற. 1969-ல கம்பெனி கைமாறி, அதே வருசம் லெனர்டும் செத்து, 1976-ல இவரும் டிக்சனும் ஆர்க் மியூசிக்ங்கிற அவங்க பாட்டு உரிமைக் கம்பெனி மேல கேஸ் போட்டாங்க, வெளிய பேசி முடிச்சுக்கிட்டாங்க. என் அபிப்பிராயம் கேட்டா, பண்ணைக் கடைக் கணக்குலேர்ந்து தப்பிச்சு வந்தவரு வேற ஒரு கணக்குப் புத்தகத்துக்குள்ள மாட்டுனாரு, இங்க கங்காணிக்குப் பதிலா சிநேகிதன்.

லெட் ஜெப்லின்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டு விவகாரம் டிக்சனுது. 1962-ல இவரு பாடுன 'யூ நீட் லவ்'வுல இருந்த வரிகள் 1969-ல அவங்க பாட்டுக்குள்ள போயிருச்சு, டிக்சன் 1985-ல கேஸ் போட்டாரு, சமரசம் ஆச்சு. இவரு மட்டும் என்ன, 'காட் மை மோஜோ ஒர்க்கிங்' பாட்டு ஆன் கோல்னு ஒரு பாடகி மேடையில பாடுனதைக் கேட்டு, வரியை மாத்தி, தன் பேர்லயே போட்டுக்கிட்டவருதான். எழுதுனது பிரெஸ்டன் ஃபாஸ்டர்னு கடைசியில முடிவாச்சு. ஆனா திருப்பிக் குடுத்ததும் உண்டு: 1955-ல சிகாகோவுக்கு வந்து, யாரைப் போயி பாக்கணும்னு கேட்ட ஒரு இளைஞனை லெனர்ட் செஸ்ஸைப் போய்ப் பாருன்னு அனுப்பினாரு. அந்த இளைஞன் சக் பெர்ரி.

எதுல ஆரம்பிச்சுக் கேக்கறது? (ஈரோடு)

1948 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்', இவரு கிடாரும் ஒரு பேஸும் மட்டும். அப்புறம் 1951 'லாங் டிஸ்டன்ஸ் கால்'. நல்ல ஹெட்ஃபோன் இருந்தா 1964-ல வந்த 'ஃபோக் சிங்கர்' ஆல்பம், பட்டி கைங்கிற கிடார்காரர் கூட அக்கூஸ்டிக்ல, ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றவங்க இன்னமும் அதைத்தான் போடுவாங்க, ரூம்ல அவரு மூச்சு விடுறது வரைக்கும் கேக்கும்.

லைவ்னா 1960 நியூபோர்ட் ஜாஸ் விழா. முந்தின நாள் கலவரம் ஆகி விழாவையே நிறுத்தப் போறாங்கங்கிற நெலமையில வாசிச்சது அது, ஆல்பம் அட்டையில கையில வச்சிருக்கிறது இன்னொரு ப்ளூஸ்காரர் ஜான் லீ ஹூக்கரோட கிடாரு. கடைசியா 1977 'ஹார்டு அகெய்ன்', ஜானி வின்டர்ங்கிற ராக் கிடார்காரர் தயாரிச்சது. 60 தாண்டுன மனுசன் பாடுறாரு, பின்னால வின்டர் சின்னப்புள்ள மாதிரி கத்திக்கிட்டே இருக்காரு. பழைய பாட்டுக்கெல்லாம் திரும்ப உயிர் வந்துச்சு, கிராமி கெடச்சுச்சு, மறு வருசம் வெள்ளை மாளிகையில ஜனாதிபதி கார்ட்டர் முன்னாடி வாசிச்சாரு. மொத்தம் ஆறு கிராமி, ஆனா எல்லாமே 1970-க்கு அப்புறம்தான், 50-கள்ல அவரு சிகாகோவைக் குலுக்குனப்போ பரிசே கெடையாது.

ஸ்லைடு வாசிக்க ஆசை. பாட்டில் கழுத்தை வெட்டி வச்சுக்கலாமா? (திருநெல்வேலி)

கைய வெட்டிக்காதீங்க தம்பி, மியூசிக் கடையில ரெடிமேடா கெடைக்கும், அவரே மெட்டல்தான் வச்சிருந்தாரு, அதுவும் குட்டையானது. சுண்டு விரல்ல மாட்டுங்க, மத்த மூணு விரல் கார்டு பிடிக்க ஃப்ரீயா இருக்கும். கம்பியை அழுத்தாதீங்க, கிடார் கழுத்துல குறுக்க இருக்கிற ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல தொட்டு வழுக்கிட்டுப் போங்க, கோட்டுவாத்தியம் வாசிக்கிறதைப் பாத்திருந்தீங்கன்னா அந்த வழுக்கல் உடனே பிடிபடும். ஸ்லைடுக்குப் பின்னால இருக்கிற விரலை கம்பி மேல லேசா வச்சுக்கிட்டா தேவையில்லாத இரைச்சல் அடங்கும். கொஞ்சம் தடிச்ச கம்பியா போடுங்க, இல்லன்னா ஃப்ரெட்ல டக்கு டக்குன்னு இடிக்கும். 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பழகணும்னா ஓப்பன் ஜி டியூனிங், தடிச்ச கம்பியிலேர்ந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. வலது கை கட்டை விரலுக்கு பிக் மாட்டிக்கோங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுருங்க, மொத மாசம் பூனை கத்துற மாதிரிதான் இருக்கும்.